புதிய உலக வரலாற்று நூல்களும் இப்னு கல்தூனின் கேள்விகளும்

(உயர்தரம், கலைப் பிரிவு)

முன்னுரை

உலக வரலாறு, அரசியல், சர்வதேச விவகாரங்கள் பற்றி ஒவ்வொரு வருடமும் புதிய நூல்கள் வெளிவந்த வண்ணம் உள்ளன. அவற்றுள் பல "உலகின் புதிய வரலாறு" என்ற துணைத் தலைப்புடனேயே வருகின்றன. பரீட்சைக்குப் படிக்கும் எமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். நடந்து முடிந்த ஒன்றுக்குப் புதிய வரலாறு எப்படி வர முடியும்? பாடநூலில் உள்ள ஆண்டையும் பெயரையும் பிழையின்றி எழுதினால் புள்ளி கிடைக்கிறது. அதனால் வரலாறு என்பது மாறாத ஒன்று என்ற எண்ணம் எமக்குள் வளர்ந்துவிட்டது.

ஆனால் ஒரே காலத்தைப் பற்றிய இரண்டு நூல்களை அடுத்தடுத்து வாசித்தால் அந்த எண்ணம் நிலைக்காது. ஒருவர் மிகப் பெரிதாகக் காட்டுவதை மற்றவர் ஒரு பந்தியில் கடந்து செல்வார். அப்படியானால் யாரை நம்புவது? இந்தக் கேள்வி வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு மட்டும் உரியதன்று. கையடக்கத் தொலைபேசியில் நாள்தோறும் உலகச் செய்திகளைப் பார்க்கும் எம் எல்லோருக்கும், எமது பெற்றோருக்கும் உரியது. இதற்கு வழிகாட்டக்கூடிய ஓர் அறிஞர் ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். அவருடைய கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு அண்மைக்கால நூல்கள் சிலவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்னு கல்தூன் கேட்டவை

இப்னு கல்தூன் 1332 இல் தூனிஸ் நகரில் பிறந்தார். வட ஆபிரிக்காவிலும் அந்தலூசியாவிலும் பல அரசவைகளில் பணியாற்றினார். பதவி, சிறை இரண்டையும் கண்டவர். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து 1377 இல் 'முகத்திமா'வை எழுதினார். அது அவருடைய பெரிய உலக வரலாற்று நூலுக்கான முன்னுரையாகும். வரலாற்றாசிரியர்கள் எப்படித் தவறுகின்றனர் என்பதை அதன் தொடக்கத்திலேயே அவர் ஆராய்கிறார்.

அவர் எடுத்துக்காட்டும் ஓர் உதாரணம் முக்கியமானது. நபி மூஸா (அலை) அவர்களுடன் இருந்த இஸ்ரவேலரின் படையில் 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்ததாக முன்னைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தனர். இப்னு கல்தூன் இந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய படையை அந்த நிலப்பரப்பு தாங்குமா? அது அணிவகுத்து நின்றால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா? அதைவிடப் பெரிய பாரசீகப் பேரரசின் படையே அந்த அளவை எட்டவில்லையே? சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் இவ்வளவாகப் பெருக முடியுமா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்ற முடிவுக்கு வருகிறார். அவர் ஐயப்பட்டது இறைத்தூதரை அல்ல, கணக்கை எழுதியவர்களையே என்பதை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

பொய்யான செய்தி வரலாற்றில் நுழைவதற்கு அவர் பல காரணங்களைக் கூறுகிறார். ஒரு கொள்கையின் மீதான சார்பு, அறிவித்தவரை விசாரிக்காமல் நம்புதல், அதிகாரத்தில் உள்ளவரைப் புகழ்ந்து பயன் பெற விரும்புதல், சமூகம் இயங்கும் முறையை அறியாதிருத்தல் என்பன அவற்றுட் சில. அவற்றை நாம் நான்கு கேள்விகளாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

1. எழுதியவர் எந்த இடத்தில் நின்று உலகைப் பார்க்கிறார்?
2. அவர் எந்தச் சான்றுகளை முன்வைக்கிறார்?
3. அவர் கூறும் காரணம் நடந்ததை விளக்கப் போதுமானதா?
4. வாசிக்கும் நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன்?

பட்டுப் பாதையா, பொன் பாதையா?

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் பிராங்கோபன் 2015 இல் 'த சில்க் ரோட்ஸ்' (பட்டுப் பாதைகள்) என்ற நூலை வெளியிட்டார். கிரேக்கம், ரோம், பின்னர் மேற்கு ஐரோப்பா என்று நகரும் வழமையான உலக வரலாற்றை அவர் மாற்றிப் போடுகிறார். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து இமயமலை வரையான பகுதியே உலகின் நடுப்பகுதி என்பது அவரது வாதம். பக்தாத், புகாரா, சமர்கந்து போன்ற நகரங்கள் இந்நூலில் ஓரத்தில் இல்லை. சமயங்கள், அடிமைகள், உரோமம், கொள்ளைநோய், எண்ணெய் என ஒவ்வொன்றும் அந்த வழிகளில் பயணித்த கதையை அவர் இன்றைய காலம் வரை கொண்டுவருகிறார்.

2024 இல் வில்லியம் டால்ரிம்பிள் 'த கோல்டன் ரோட்' (பொன் பாதை) என்ற நூலை எழுதினார். ஸ்கொட்லாந்தில் பிறந்து டெல்லியில் நீண்டகாலம் வாழ்பவர் இவர். "பட்டுப் பாதை" என்ற பெயரைப் பழங்காலத்தில் எவரும் பயன்படுத்தவில்லை என்றும், 1877 இல் ஜேர்மனியப் புவியியலாளர் ரிச்தோபன் அதைப் பரப்பினார் என்றும் அவர் நினைவூட்டுகிறார். பண்டைய உலகின் பெரும் வர்த்தகம் பருவக்காற்றைத் துணைகொண்டு இந்து சமுத்திரத்தின் ஊடாக நடந்தது என்பதும், அதன் மையம் இந்தியா என்பதும் அவரது வாதம்.

இரண்டாவது கேள்வியை இங்கு கேட்போம். சான்று என்ன? எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் அண்மையில் ஒரு புத்தர் சிலை கண்டெடுக்கப்பட்டது. கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து சென்ற 'ஹெர்மபொலோன்' என்ற கப்பலின் சரக்கு விபரம் கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பப்பிரசுத் தாளில் உள்ளது. அந்த ஒரு கப்பலின் சரக்கு மட்டும் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயப் பெறுமதி உடையது. கடல் வழி வர்த்தகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இலங்கையிலிருந்து ரோமப் பேரரசர் கிளோடியசின் காலத்தில் தூதுக்குழு ஒன்று சென்றதை பிளினி எழுதியிருப்பதும் இதனுடன் பொருந்துகிறது.

இனி முதலாவது கேள்வி. ஒருவர் தரையில் நின்று பார்த்தார், மற்றவர் இந்தியக் கரையில் நின்று பார்த்தார். எண்களின் கதையை எடுத்துக்கொள்வோம். பூச்சியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை பிரம்மகுப்தர் 628 இல் எழுதினார். 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி அறபியில் எழுதினார். அவருடைய பெயரிலிருந்தே 'அல்கோரிதம்' என்ற சொல் பிறந்தது. இத்தாலியரான பிபொனாச்சி வட ஆபிரிக்காவில் அதைக் கற்று 1202 இல் ஐரோப்பியருக்காக நூல் எழுதினார். இதில் உலகை மாற்றியவர் யார்? கொடுத்தவர் மட்டுமா? பெற்று, விளக்கி, வளர்த்தவருக்கும் பங்கில்லையா? இந்தியாவை மையத்தில் வைத்தால் பக்தாத் வெறும் வழித்தரிப்பு போலத் தோன்றும். பக்தாதை மையத்தில் வைத்தால் இந்தியா வெறும் தொடக்கம் போலத் தோன்றும். இரண்டு நூல்களையும் சேர்த்து வாசிப்பவருக்கே முழுப் பாதையும் தெரியும்.

புரட்சிகள் எங்கே நடந்தன?

சாதாரண தர வரலாற்றில் அமெரிக்கப் புரட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் ஓர் அலகில் படித்தோம். பிரித்தானியர் இலங்கையைக் கைப்பற்றியதை வேறோர் அலகில் படித்தோம். இரண்டும் ஒரே கதையின் பகுதிகள் என்பதை வலியுறுத்தும் நூல் ஒன்று 2020 இல் வெளிவந்தது. இலங்கையில் பிறந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் சுஜித் சிவசுந்தரம் எழுதிய 'வேவ்ஸ் எக்ரொஸ் த சவுத்' (தெற்கின் குறுக்கே அலைகள்) என்பதே அது. 2021 இல் பிரித்தானிய அக்கடமியின் நூற்பரிசையும் அது பெற்றது.

புரட்சி யுகம் என்றவுடன் பாரிஸ் நகரை நினைக்கிறோம். இவரோ இந்து சமுத்திரத்திலும் பசுபிக் சமுத்திரத்திலும் நிற்கிறார். தொங்கா, நியூசிலாந்து, தஸ்மேனியா, மொரீசியஸ், பாரசீக வளைகுடா, பர்மா, இலங்கை ஆகிய இடங்களின் மக்கள் அக்காலத்தில் தமக்கெனப் புதிய அரசியலை உருவாக்க முயன்றனர் என்றும், பிரித்தானியப் பேரரசு அந்த அலையை அடக்கும் எதிர்ப்புரட்சியாக வளர்ந்தது என்றும் அவர் வாதிடுகிறார்.

நாம் அறிந்த நிகழ்வுகளைக் கொண்டே இதைச் சரிபார்க்கலாம். 1795 இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியது. ஒல்லாந்தின் ஆட்சித் தலைவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். தமது குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைக்குமாறு அங்கிருந்து கடிதம் எழுதினார். அதுவே கியூ கடிதம். 1796 பெப்ரவரியில் கொழும்பு பிரித்தானியரிடம் சரணடைந்தது. மைசூரின் திப்பு சுல்தான் பிரெஞ்சு உதவியை நாடி மொரீசியசுக்குத் தூதர்களை அனுப்பினார். 1799 இல் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. பாரிஸில் எழுந்த அலை கொழும்புக் கோட்டையின் சுவரில் வந்து மோதியது என்பது இவ்வாறு நோக்கும்போது புலனாகிறது.

ஆயினும் சான்று பற்றிய கேள்வியை இந்நூலிடமும் கேட்க வேண்டும். பேரரசுக்கு எதிராக நின்ற தீவு மக்களுள் பலர் எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மாலுமிகளும் ஆட்சியாளர்களுமே. ஆகவே தோற்கடித்தவரின் குறிப்பேட்டிலிருந்து தோற்றவரின் மனதை வாசிக்க வேண்டிய நிலை வரலாற்றாசிரியருக்கு ஏற்படுகிறது. அது முடியாத காரியமன்று. ஆனால் மிகுந்த கவனம் தேவை. ஆவணம் சொல்வது எது, ஆசிரியர் ஊகிப்பது எது என்று பிரித்தறிவது வாசகரின் பொறுப்பாகும்.

நிலவரைபடம் எல்லாவற்றையும் விளக்குமா?

அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவிகளிடையே பேசப்படக்கூடிய இன்னொரு நூல், பிரித்தானிய ஊடகவியலாளர் டிம் மார்ஷல் 2015 இல் வெளியிட்ட 'பிரிசனர்ஸ் ஒவ் ஜியோகிரபி' (புவியியலின் கைதிகள்) ஆகும். பத்து வரைபடங்களைக் கொண்டு உலக அரசியலை அவர் விளக்குகிறார். ரஷ்யா தனது மேற்கு எல்லையிலுள்ள சமவெளியைப் பற்றி ஏன் எப்போதும் அஞ்சுகிறது, பனியால் உறையாத துறைமுகம் அதற்கு ஏன் தேவை, சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் இமயமலை என்ன செய்கிறது என்பவற்றை எளிமையாகச் சொல்வது இந்நூலின் பலம்.

இங்கே மூன்றாவது கேள்வி உதவுகிறது. கூறப்படும் காரணம் போதுமானதா? கொரியத் தீபகற்பத்தைப் பாருங்கள். 1945 இல் அமெரிக்க அதிகாரிகள் வரைபடத்தில் 38 ஆவது அகலக்கோட்டைப் பிரிகோடாகத் தெரிந்தனர். இரு பக்கமும் ஒரே மக்கள், ஒரே மொழி, தொடர்ச்சியான ஒரே நிலம். இன்று இரண்டும் எவ்வளவு வேறுபட்டிருக்கின்றன! மலையும் கடலும் அந்த வேறுபாட்டை உருவாக்கவில்லை. மனிதரின் தீர்மானங்களே உருவாக்கின. புவியியல் ஒரு நாட்டின் முன்னுள்ள வழிகளைக் குறைக்கலாம். எந்த வழியில் செல்வது என்று தெரிவது ஆட்சியாளரும் மக்களுமே. இதை மறந்தால் ஆக்கிரமிப்பவருக்கும் "எனது புவியியல் அப்படி" என்று சொல்ல ஒரு சாட்டுக் கிடைத்துவிடும்.

எமக்குப் பிடித்த நூலை வாசித்தல்

நான்காவது கேள்வியே மிகவும் கடினமானது. அது எழுதியவரை விட்டு எம்மை நோக்கித் திரும்புகிறது. மனம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது தனக்கு உகந்த செய்தியை ஆராயாமலே ஏற்றுக்கொள்ளும் என்று இப்னு கல்தூன் எச்சரிக்கிறார். எமது பலஸ்தீன் பற்றிய வாசிப்பில் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

ரஷீத் காலிதி 2020 இல் வெளியிட்ட 'த ஹன்ட்ரட் இயர்ஸ் வோர் ஒன் பலஸ்டைன்' (பலஸ்தீன் மீதான நூறாண்டுப் போர்) 1917 முதல் 2017 வரையான வரலாற்றை ஆறு போர்ப் பிரகடனங்களாக வகுக்கிறது. முதலாவது 1917 நவம்பர் 2 இல் வெளியான பெல்பர் பிரகடனம். ஆங்கிலத்தில் 67 சொற்களே கொண்ட அந்தப் பிரகடனத்தில், அங்கு வாழ்ந்தோருள் பத்தில் ஒன்பது பேரான அறபு மக்களின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. "யூதரல்லாத சமூகங்கள்" என்ற பொருள்படவே அவர்கள் குறிக்கப்பட்டனர். ஒரு மக்கள் கூட்டத்தைப் பெயர் சொல்லாமல் விடுவதும் அரசியல்தான் என்பதை இதிலிருந்து கற்கலாம்.

காலிதி ஜெரூசலத்தின் பழைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அந்நகரின் மேயராக இருந்த அவரது முன்னோர் யூசுப் தியா, 1899 மார்ச் 1 இல் சியோனிச இயக்கத்தின் தலைவர் ஹேர்சலின் பார்வைக்காக அனுப்பிய கடிதத்துடன் நூல் தொடங்குகிறது. 1982 இல் பெய்ரூத் முற்றுகையிடப்பட்டபோது ஆசிரியர் அங்கு வாழ்ந்தார். 1991 இல் தொடங்கிய சமாதானப் பேச்சுகளில் பலஸ்தீனக் குழுவின் ஆலோசகராகவும் இருந்தார். ஆகவே அவர் தூர நின்று எழுதவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை.

எமது உள்ளம் அவருடன் இருக்கிறது. அதனாலேயே நாம் கூடுதலாக விசாரிக்க வேண்டும். இரண்டு வழிகளில் அதைச் செய்யலாம். முதலாவது, ஆசிரியர் தன் பக்கத்தையும் விமர்சிக்கிறாரா என்று பார்த்தல். காலிதி பலஸ்தீனத் தலைமைகளின் தவறுகளையும், ஒஸ்லோ உடன்படிக்கையை ஏற்றதையும் கடுமையாக விமர்சிக்கிறார். இன்று அந்த நிலத்தில் இரண்டு மக்கள் வாழ்கின்றனர் என்பதையும் ஏற்கிறார். இரண்டாவது, மறுபக்கத்தின் சான்றுகளுடன் ஒப்பிடுதல். 1948 இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் அகதிகளாயினர். அது எப்படி நடந்தது என்பதை இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மொரிஸ், இஸ்ரேலின் சொந்த ஆவணக் காப்பகங்களைக் கொண்டே ஆராய்ந்தார். அவருடைய அரசியல் காலிதியின் அரசியலன்று. ஆயினும் பல இடங்களில் மக்கள் துரத்தப்பட்டதை அவருடைய ஆவணங்கள் உறுதி செய்கின்றன. எதிர்த் தரப்பின் பெட்டகத்திலிருந்தே வரும் சான்றை மறுப்பது எவருக்கும் கடினம்.

இதிலிருந்து எமக்கு ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. வேறொரு நாட்டின் பழைய படம் ஒன்று "காஸா" என்ற பெயரில் எமது குடும்பக் குழுக்களுக்கு வந்தால், இரக்கத்தினால் அதை உடனே பகிர்ந்து விடுகிறோம். அது பொய்யென்று நிரூபிக்கப்படும்போது உண்மையான படங்களையும் மக்கள் ஐயப்படத் தொடங்குவர். பாதிக்கப்பட்டவருக்கு நாம் செய்யும் உதவி அதுவாகாது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரா அல்ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுவதையும் இங்கு நினைவுகூர்வது பொருத்தம்.

எமது வாசலில் உலக வரலாறு

உலக வரலாறு எங்கோ தொலைவில் நடப்பது என்று எண்ணத் தேவையில்லை. 1882 இல் பிரித்தானியர் எகிப்தைக் கைப்பற்றி, எதிர்த்து நின்ற அறபி பாஷாவை 1883 இல் இலங்கைக்கு நாடு கடத்தினர். அவர் 1901 வரை இங்கு வாழ்ந்தார். அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியதும் அதே 1882 இல்தான். எகிப்திய நகரில் நிகழும் அவரது 'அஸன்பேயுடைய கதை' 1885 இல் வெளிவந்தது. 1892 இல் கொழும்பு ஸாஹிறாவின் தொடக்கத்துக்கு அறபி பாஷா ஆதரவளித்தார். எகிப்தின் தோல்வி இலங்கை முஸ்லிம்களின் கல்வி விழிப்புடன் இவ்வாறு கலந்திருக்கிறது.

இத்தகைய தொடர்புகளை ஆராயும் அறிஞர்களுள் ரோனித் ரிச்சி என்ற பெண் ஆய்வாளர் குறிப்பிடத்தக்கவர். 2019 இல் வெளிவந்த அவரது நூல், ஒல்லாந்தரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட ஜாவா அரச குடும்பத்தினரையும், இங்கு வேரூன்றிய மலாய் சமூகத்தின் எழுத்துகளையும் பற்றியது. அதற்கு முன் 2011 இல், 'ஆயிரம் மசலா' என்ற ஒரே நூல் ஜாவா, மலாய், தமிழ் ஆகிய மொழிகளில் எப்படி வெவ்வேறு வடிவம் பெற்றது என்று ஆராய்ந்திருந்தார். 1572 இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய தமிழ் 'ஆயிர மசலா' அந்த ஆய்வில் ஒரு தூணாக நிற்கிறது.

இதைச் செய்ய அவருக்கு மொழிகள் தேவைப்பட்டன. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அறபு எழுத்தும் அறிந்த பிள்ளைகள் எமது வகுப்பறைகளில் இருக்கின்றனர். பழைய அறபுத் தமிழ் ஏடுகள் சில வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. "வரலாறு படித்து என்ன தொழில் செய்வாய்?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவும் ஒரு பதிலாகும். அந்த ஏடுகளை வாசிக்க நாம் பயிலாவிட்டால், எம்மைப் பற்றியும் பிறர் எழுதிய குறிப்புகளை வைத்தே எதிர்காலத்தில் நூல்கள் எழுதப்படும்.

முடிவுரை

புதிய உலக வரலாற்று நூல்கள் பழைய உண்மைகளைப் பொய்யாக்குவதற்காக வருவன அல்ல. வேறு இடத்தில் நின்று பார்ப்பதாலும் புதிய சான்று கிடைப்பதாலும் அவை புதியனவாகின்றன. 500 பக்கங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நாம் பாடத்தில் படித்த ஒரு நிகழ்வைத் தெரிந்து, அதைப் பற்றி இரண்டு நூல்களில் ஒவ்வோர் அத்தியாயத்தை வாசித்து, நான்கு கேள்விகளுக்கும் ஒரு கொப்பியில் பதில் எழுதிப் பார்க்கலாம். பெற்றோரும் பிள்ளைகளுடன் சேர்ந்து அதைப் பேசலாம். விடைத்தாளில் காரணங்களை நிறுத்து எழுதவும் இப்பழக்கம் துணைபுரியும். அதைவிட மேலாக, நாம் நேசிக்கும் தரப்பைப் பற்றியும் நாம் வெறுக்கும் தரப்பைப் பற்றியும் ஒரே அளவுகோலால் பேசும் நேர்மையை அது எமக்குத் தரும்.